இழப்பீடு வாங்கித் தர 20 சதவீதமா?

கேள்வி: என் தங்கைக்கு 23 வயது. பாலியல் வன்முறைக்கு ஆளாகி, எஃப்.ஐ.ஆர் பதிவாகி நான்கு மாதம் ஆகிறது. போன வாரம் ஏதோ ஒரு சேவை அமைப்பிலிருந்து வருவதாகச் சொல்லி ஒருவர் வீட்டுக்கு வந்தார். எங்கள் விவரம் எல்லாம் அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அரசு இழப்பீடு வாங்கித் தருகிறோம், வழக்கு முடிந்ததும் கிடைக்கும், அதில் 20 சதவீதம் எங்கள் வக்கீலுக்கு என்றார். தங்கையின் படத்தையும் நடந்ததையும் தங்கள் வெளியீட்டில் போட அம்மாவிடம் ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிப் போய்விட்டார். கவுன்சலர்தான் எல்லாவற்றையும் சொல்லியிருப்பார் என்று தங்கை இப்போது கவுன்சலிங் போகவே மறுக்கிறாள். நாங்கள் என்ன செய்வது?

பதில்: அந்த ஆளிடம் பணம், வங்கி பாஸ்புக், அசல் ஆவணம் எதையும் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றைக்கே திரும்பக் கேளுங்கள். இந்த இழப்பீட்டுக்கு நடுவில் ஆள் தேவையே இல்லை.

மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். உங்கள் தங்கை அங்கே ஒரு மனு கொடுத்தால் போதும். எஃப்.ஐ.ஆர் நகல், மருத்துவ ஆவணங்கள், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை இணைக்க வேண்டும். கட்டணம் ஒரு பைசா கிடையாது. வக்கீல் வேண்டுமென்றால் அதே அலுவலகம் இலவசமாக அமர்த்தித் தரும். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி பெண்களுக்கு இதில் வருமான வரம்பு இல்லை. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 15100 என்ற எண்ணில் பேசலாம்.

'வழக்கு முடிந்ததும்' என்று அவர் சொன்னதும் தவறு. குற்ற வழக்குகளை நடத்தும் முறைக்கான சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 396-ஆம் பிரிவு, இழப்பீட்டு விண்ணப்பம் வந்தால் அதன் மீதான விசாரணையை இரண்டு மாதத்தில் முடிக்க ஆணைக்குழுவுக்குச் சொல்கிறது. அவசரத் தேவைக்கு இடைக்கால நிவாரணமும் உண்டு. இதில் எனக்குக் கோபம் வருவது வேறொரு விஷயத்தில். பாதிக்கப்பட்ட பெண்களுக்கான 2018-ஆம் ஆண்டு இழப்பீட்டுத் திட்டத்தின்படி, இப்படிப்பட்ட வழக்கில் எஃப்.ஐ.ஆர் பதிவானவுடன் அதன் நகலைக் காவல்துறையே ஆணைக்குழுவுக்கு அனுப்ப வேண்டும். யாரும் மனு கொடுக்காமலேயே இடைக்கால நிவாரணத்தைத் தொடங்க வழி செய்வதற்காகத்தான் அந்த விதி. நான்கு மாதமாக அந்த நகல் எங்கே கிடக்கிறது? ஓர் அலுவலகம் தன் கடமையைச் செய்யாமல் விட்ட இடத்தில்தான் இந்தப் புரோக்கர்கள் நுழைகிறார்கள். பல குடும்பங்களுக்கு இழப்பீடு என்று ஒன்று இருப்பதே புரோக்கர் வாயிலாகத்தான் தெரிய வருகிறது. இதை ஏற்றுக்கொள்ளவே முடியாது.

சரி, 20 சதவீதத்துக்கு வருவோம். வழக்கில் கிடைக்கும் தொகையில் பங்கு பேசக் கூடாது என்று, வக்கீல்களுக்கு நடத்தை விதி வகுக்கும் இந்திய பார் கவுன்சிலின் விதி தெளிவாகச் சொல்கிறது. ஆள் வைத்து வழக்குப் பிடிப்பதற்கும் தடை உண்டு. அவர் சொல்லும் வக்கீல் நிஜமாகவே இருந்தால், அவர் மீது மாநில பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். இல்லாவிட்டால் அது வெறும் ஏமாற்று.

அந்தப் பங்கு உங்கள் தங்கையிடம் எதை மிச்சம் வைக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மேற்சொன்ன திட்டத்தில் இழப்பீட்டில் 75 சதவீதம் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு ஃபிக்சட் டெபாசிட்டில் போடப்படும். 25 சதவீதம்தான் உடனே கைக்கு வரும். 4 லட்சம் கிடைத்தால் கையில் 1 லட்சம். மொத்தத்தில் 20 சதவீதம் என்றால் 80,000 அவருக்கு. மீதி 20,000 உங்கள் தங்கைக்கு. இன்னொன்றும் நடக்கிறது. வங்கிக் கணக்கை நாங்களே தொடங்கித் தருகிறோம் என்று சொல்லி, அதில் தங்கள் மொபைல் எண்ணைப் பதிந்துவிடுவார்கள். கணக்கு உங்கள் தங்கை பெயரில் மட்டும், அவளுடைய எண்ணோடு மட்டும் இருக்க வேண்டும்.

இனி அம்மாவின் கையெழுத்து. இதைப் பொறுமையாகப் படியுங்கள். பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது, குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவின்படி குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. பெயரை மாற்றிவிட்டு ஊர், கல்லூரி, வீட்டு வாசல் படம் என்று போட்டாலும் தவறுதான். அடையாளம் தெரிய வழி விடும் எதையும் வெளியிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் நிபுண் சக்சேனா வழக்கில் சொல்லியிருக்கிறது. இதற்கு ஒரு விதிவிலக்கு, பாதிக்கப்பட்டவர் எழுத்தில் தரும் அனுமதி. அதாவது அவரே தர வேண்டும். அம்மா, அப்பா, அண்ணன், கணவன் யார் போட்ட கையெழுத்தும் அதற்கு ஈடாகாது. நெருங்கிய உறவினர் அனுமதி தருவதைப் பற்றியும் சட்டம் பேசுகிறது. ஆனால் அது பாதிக்கப்பட்டவர் இறந்துவிட்டால், குழந்தையாக இருந்தால், மனநலம் குன்றியவராக இருந்தால் மட்டும். அப்போதும் அங்கீகாரம் பெற்ற நல நிறுவனத்தின் தலைவர் அல்லது செயலாளருக்குத்தான் அந்த அனுமதியைத் தர முடியும். வீட்டுக்கு வந்து தாளை நீட்டிய ஒருவருக்கு அல்ல. உங்கள் தங்கைக்கு 23 வயது, தன் முடிவைத் தானே எடுக்கக்கூடியவள். எனவே அம்மா போட்ட கையெழுத்துக்கு இந்த விஷயத்தில் மதிப்பில்லை. பாவம், அம்மாவைத் திட்டாதீர்கள். பண உதவிக்கான படிவம் என்று நினைத்துத்தான் போட்டிருப்பார். உதவி தருவதற்கு ஈடாகப் படமும் கதையும் கேட்கும் எந்த அமைப்பையும் நான் நம்ப மாட்டேன்.

கவுன்சலர் மேல் சந்தேகம் வருவது இயல்பு. ஆனால் எஃப்.ஐ.ஆர் நகலும் மருத்துவக் கோப்பும் பல மேசைகளைத் தாண்டிப் போகின்றன, விவரம் எங்கிருந்தும் கசிந்திருக்கலாம். கவுன்சலரிடமே நேராகக் கேளுங்கள்: என்ன குறிப்பு எழுதுகிறீர்கள், அதை யார் படிக்கலாம், எங்கே பூட்டி வைக்கிறீர்கள்? நல்ல கவுன்சலர் இதற்குக் கோபப்பட மாட்டார். அவளைக் கேட்காமல் உங்களிடம்கூட அவர் எதையும் சொல்லக் கூடாது. வக்கீலிடம் கட்சிக்காரர் பேசுவதற்குச் சட்டம் தரும் பாதுகாப்பு கவுன்சலிங் பேச்சுக்கு இல்லை, நீதிமன்றம் குறிப்புகளைக் கேட்கக்கூடும். இதை முதல் நாளே சொல்ல வேண்டியது அவர் கடமை. சமாதானமாகப் போகச் சொல்வதும், புகாரை வாபஸ் வாங்கச் சொல்வதும் அவர் வேலை அல்ல. இந்தப் பதில்களுக்குப் பிறகும் தங்கைக்கு நம்பிக்கை வரவில்லை என்றால் ஆளை மாற்றுங்கள். சகி என்ற ஒருங்கிணைந்த சேவை மையத்தில் கவுன்சலிங் இலவசம், 181-ல் கேட்டால் வழி சொல்வார்கள். கவுன்சலிங்கை மட்டும் நிறுத்திவிட வேண்டாம்.

இந்த வாரமே இரண்டு கடிதம் எழுதுங்கள். ஒன்று அந்த அமைப்புக்கு: என் பெயர், படம், விவரம் எதையும் வெளியிட நான் அனுமதி தரவில்லை, தாயாரிடம் வாங்கிய தாளைத் திருப்பி அனுப்புங்கள் என்று தங்கை கையெழுத்தோடு பதிவுத் தபாலில் போக வேண்டும். மற்றொன்று மாவட்ட ஆணைக்குழுவின் செயலாளருக்கு: இழப்பீட்டு மனுவோடு சேர்த்து, எங்கள் விவரம் வெளியாள் கைக்கு எப்படிப் போனது என்று விசாரிக்கக் கேட்டு. அதன் நகலை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் அனுப்புங்கள். மனுவை நேரில் கொடுத்தால் தேதியோடு ஒப்புகை முத்திரை வாங்காமல் வராதீர்கள். அந்த அமைப்பு ஏற்கெனவே எதையாவது வெளியிட்டிருந்தால், அதை நகலெடுத்து வைத்துக்கொண்டு 72-ஆம் பிரிவில் காவல் நிலையத்தில் தனிப் புகார் கொடுங்கள்.