அகூஸ்டிக் கிட்டாருக்கு எந்த ஸ்ட்ரிங்ஸ் வாங்குவது? பத்தா, பதினொன்றா, பன்னிரண்டா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: கிட்டார் வாங்கி நாலு மாதம் ஆகிறது, முதல் கம்பி அறுந்துவிட்டது, கடையில் போய் நின்றால் "பத்தா, பதினொன்னா, பன்னெண்டா?" என்று திருப்பிக் கேட்கிறார்கள், விரல் நுனி வேறு எரிகிறது, எதை வாங்குவது?

பதினொன்று. பாஸ்பர் பிரான்ஸ். வீடு கடற்கரைப் பக்கம் என்றால் கோட்டிங் போட்டது.

அவசரக்காரர்கள் இத்தோடு கடைக்குக் கிளம்பலாம். ஆனால் வண்டியை எடுக்கும் முன் கிட்டாரின் பிரிட்ஜை, அதாவது மேல்பலகையில் கம்பிகள் வந்து முடியும் மரத்துண்டை, ஒரு தரம் குனிந்து பாருங்கள். கம்பிகளின் அடிப்பக்கம் ஆறு சின்ன ஆணி மாதிரிப் பின்கள் செருகியிருந்தால் உங்களுடையது ஸ்டீல் கம்பிக்கான கிட்டார். பின் எதுவும் இல்லாமல், கம்பியைச் சுற்றி முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தால், நெக்கும் அகலமாக இருந்தால், அது கிளாசிக்கல் கிட்டார். அதற்கு நைலான்தான். இதில் பேரமே கிடையாது.

இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம் என் பெரியப்பா மகன். யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த நல்ல கிளாசிக்கல் கிட்டார் அவனிடம் இருந்தது. நைலான் கம்பி தேய்ந்துபோய், வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடைக்கு எடுத்துப் போயிருக்கிறான். "ஸ்டீல் போட்டுக்குங்க, சவுண்டு தூக்கும்" என்று மாட்டிக் கொடுத்துவிட்டார்கள். தூக்கத்தான் செய்தது. கத்திரி வெயில் காலம், மொட்டை மாடிக்கு நேர் கீழ் அறை. ஒரு ராத்திரி பட்டாசு வெடித்த மாதிரிச் சத்தம் கேட்டு எல்லாரும் எழுந்து பார்த்தால், பிரிட்ஜ் தனியாகப் பிய்ந்து, மேல்பலகையில் ஒரு கீற்று மரத்தையும் கூடவே உரித்துக்கொண்டு தொங்குகிறது. நைலான் செட் ஆறு கம்பியும் சேர்ந்து இழுக்கும் இழுவை சுமார் 40 கிலோ. ஸ்டீலில் பன்னிரண்டு செட் போட்டால் 70 கிலோவைத் தாண்டிவிடும். பாதி பாரத்துக்குச் செய்த பலகை எத்தனை நாள்தான் தாங்கும்?

சரி, உங்களுடையது பின் வைத்த கிட்டார்தான் என்று வைத்துக்கொள்கிறேன்.

கடைக்காரர் சொல்லும் பத்தும் பதினொன்றும், ஆறிலும் சன்னமான முதல் கம்பியின் தடிமன். ஒரு அங்குலத்தை ஆயிரம் கூறாக்கினால் அதில் பத்துக் கூறு. அதாவது 0.010 அங்குலம், கால் மில்லிமீட்டர். பன்னிரண்டு என்பது 0.3 மில்லிமீட்டர். வித்தியாசம் ஒரு தலைமுடி அளவுகூட வராது. ஆனால் அதே சுதிக்கு இழுத்துக் கட்டும்போது பத்தாம் நம்பர் முதல் கம்பி ஏழு கிலோ சொச்சம் இழுக்கும், பன்னிரண்டு பத்தரை கிலோ. முழு செட்டாகக் கணக்குப் போட்டால் பத்துக்கு சுமார் 60 கிலோ, பதினொன்றுக்கு 68, பன்னிரண்டுக்கு 74. இதற்கு மேல் பதின்மூன்றும் இருக்கிறது. அதைப் பற்றி இப்போது நீங்கள் நினைக்கவே வேண்டாம்.

பத்து விரலுக்குச் சுகம். ஆனால் டிரெட்நாட் மாதிரிப் பெரிய உடம்பில் அது பலகையை அசைக்கப் போதாமல் சன்னமாகக் கேட்கும். ஓங்கி ஸ்ட்ரம் பண்ணினால் ஃப்ரெட்டில், அதாவது நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கட்டையில், பட்டு ஜிர்ரென்று இரையும். பன்னிரண்டு நன்றாக முழங்கும், கம்பெனியிலிருந்து வரும் பெரிய கிட்டார்களில் பெரும்பாலும் அதுதான் ஏறியிருக்கும். நாலு மாதக் கைக்கு அது கொஞ்சம் அதிகம். பதினொன்று நடுவாந்தரம். ஞாயிற்றுக்கிழமை கோயரில் நான் இருபது வருஷத்துக்கு மேல் வாசிக்கிறேன், இன்றைக்கும் பதினொன்றுதான் போடுகிறேன். "உனக்குக் கையில் பலம் இல்லை" என்று பன்னிரண்டு போடுகிறவர்கள் கிண்டல் பண்ணுவார்கள். பண்ணிக்கொள்ளட்டும்.

ஒன்று சொல்ல வேண்டும். விரல் எரிவதற்கு முக்கால்வாசி நேரம் காரணம் கம்பி இல்லை, கம்பி நிற்கும் உயரம். இதைக் கண்டுபிடிக்க ஒரு காசும் வேண்டாம். முதல் ஃப்ரெட்டில் கேப்போ (ஆறு கம்பியையும் சேர்த்து அமுக்கும் கிளிப்) மாட்டி, நீங்கள் தடுமாறுகிற அதே கார்டை (பல கம்பிகளைச் சேர்த்து அமுக்கும் பிடி) பிடித்துப் பாருங்கள். வெண்ணெய் மாதிரி இறங்குகிறதா? அப்படியானால் குற்றவாளி நட், அதாவது நெக்கின் தலைமாட்டில் கம்பிகள் உட்காரும் அந்த வெள்ளைத் துண்டு. அதில் பள்ளம் ஆழமாக வெட்டாமல் விட்டிருப்பார்கள். விலை குறைந்த கிட்டார்களில் இது சர்வசாதாரணம். ரிப்பேர் தெரிந்தவரிடம் கொடுத்தால் சின்ன அரத்தால் ராவித் தருவார். நீங்களே அரத்தை எடுக்காதீர்கள். ஒரு இழுப்பு கூடிப்போனால் கம்பி ஃப்ரெட்டில் உரச ஆரம்பித்துவிடும், பிறகு புது நட்தான்.

கேப்போ போட்டும் கஷ்டமாக இருந்தால் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். தடித்த ஆறாம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே இரண்டரை மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. மூன்றரை, நாலு என்றால் சாடிலை, அதாவது பிரிட்ஜில் கம்பிகள் ஏறி உட்காரும் துண்டை, அடிப்பக்கம் தேய்த்துத் தணிக்க வேண்டும். சாடிலில் ஒரு மில்லிமீட்டர் தேய்த்தால் இங்கே அரை மில்லிமீட்டர்தான் இறங்கும். இந்தக் கணக்கு தெரியாமல் "கொஞ்சம்தானே தேய்ச்சேன்" என்று நானே ஒரு தரம் அரைகுறையாக விட்டிருக்கிறேன். இதெல்லாம் ஆகிறவரை ஒரு குறுக்கு வழி உண்டு: எல்லாக் கம்பியையும் அரைச் சுதி இறக்கிக் கட்டி, முதல் ஃப்ரெட்டில் கேப்போ போட்டு வாசியுங்கள். சுதி பழையபடி வந்துவிடும், இழுவை பத்து சதவீதத்துக்கு மேல் குறையும், நட்டின் தொல்லையும் இல்லை.

அடுத்தது உலோகம். அட்டையில் "80/20 பிரான்ஸ்" என்று ஒன்று, "பாஸ்பர் பிரான்ஸ்" என்று ஒன்று தொங்கும். உள்ளே இருப்பது இரண்டிலும் எஃகுதான், சுற்றியிருக்கும் கம்பிதான் வேறு. முதலாவதில் 80 பங்கு செம்பு, 20 பங்கு துத்தநாகம். செம்பில் வெள்ளீயம் சேர்த்தால் வெண்கலம், துத்தநாகம் சேர்த்தால் பித்தளை என்று எந்தப் பாத்திரக்கடைக்காரரைக் கேட்டாலும் சொல்வார். ஆக 80/20 பிரான்ஸ் என்று பெயர் வைத்து அவர்கள் விற்பது பித்தளை. பாஸ்பர் பிரான்ஸில்தான் வெள்ளீயமும் துளி பாஸ்பரஸும் உண்டு, அதுதான் நிஜ வெண்கலம். டடாரியோ நிறுவனம் 1974ல் கிட்டாருக்கு இதைக் கொண்டுவந்தது. பித்தளை, மாட்டிய அன்றைக்குக் கலகலவென்று இருக்கும். என் கையில் பத்து நாளில் அந்தக் கலகலப்பு போய்விடும். வெண்கலம் முதல் நாளே கொஞ்சம் அடக்கமாகப் பேசும், அந்தக் குரலை அதிக நாள் காப்பாற்றும். கறுத்த பித்தளையைப் புளி போட்டு விளக்கலாமா என்று என் தம்பி நிஜமாகவே கேட்டான். குத்துவிளக்குக்குச் சரி. சுற்றுக்கு நடுவே புளி போனால் உள்ளேயிருக்கும் எஃகு அரித்துப் போகும்.

எலக்ட்ரிக் கிட்டார் செட்டைத் தெரியாமல் வாங்கிவிடாதீர்கள். அதுவும் பத்து, பதினொன்று என்றுதான் விற்கும். அகூஸ்டிக் செட்டில் முதல் இரண்டு கம்பிதான் வெறும் எஃகு, மூன்றாவதிலிருந்து சுற்றுக் கம்பி. எலக்ட்ரிக்கில் பெரும்பாலும் மூன்றாவதும் வெறும் எஃகு, சுற்றியிருப்பதும் நிக்கல். பிக்கப்புக்காகச் செய்தது. மரப்பெட்டியில் மாட்டினால் சோகையாகக் கேட்கும்.

இனி கடல். சென்னைக்காரருக்கு இதுதான் பெரிய விஷயம், யூட்யூபில் வெளிநாட்டுக்காரர்கள் யாரும் சொல்லித்தர மாட்டார்கள். அங்கே குளிரில் மரம் காய்ந்து வெடிக்கிறது என்று கிட்டாருக்குள் ஈரப்பஞ்சு வைக்கச் சொல்வார்கள். இங்கே அதை வைத்தால் நம்மைப் பார்த்து கிட்டார் சிரிக்கும்.

நான் கிட்டார் கற்றது பெரம்பூரில். வீடு பெசன்ட் நகர். 29சி பஸ்ஸில் ஏறினால் ஒரு கோடியிலிருந்து மறு கோடி, கிட்டாரை மடியில் நிறுத்திக்கொண்டு. மாஸ்டர் ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஆங்கிலோ இந்தியர். ஒவ்வொரு மூன்றாவது வாரமும் என் கம்பியைத் தடவிப் பார்த்து, "என்னா மேன், வாசிச்சா துடைக்கவே மாட்டியா?" என்பார். துடைத்தேன் என்று சத்தியம் பண்ணினாலும் நம்ப மாட்டார். அவர் கம்பி நாலு மாதம் வரும், என்னுடையது மூன்றே வாரத்தில் பழுப்பேறி விரலில் கறை ஒட்டும். ஒருநாள் ஏதோ விசேஷத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். ஜன்னல் கம்பியைப் பார்த்தார், மொட்டை மாடியில் துரு தின்ற டிவி ஆன்டெனாவைப் பார்த்தார். காபியைக் குடித்துவிட்டு, "ஸாரி மேன், இங்க காத்தே உப்பு" என்றார். அதற்குப் பிறகு என்னைத் திட்டவில்லை.

உப்புக் காற்றும் கை வியர்வையும் செய்வது ஒரே வேலை. வெறும் எஃகைத் துருப்பிடிக்க வைக்கும். சுற்றுக் கம்பியின் இடுக்கில் அழுக்கோடு சேர்ந்து அடைந்துகொள்ளும். அடைந்த இடத்தில் கம்பி கனமாகிறது, மற்ற இடத்தில் லேசாக இருக்கிறது, சீராக அதிர முடியாமல் போகிறது. திறந்த கம்பியில் சுதி சேரும், ஏழாவது ஃப்ரெட்டில் அமுக்கினால் சேராது. டியூனரைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

அதனால்தான் கோட்டிங். ரெயின்கோட் துணிக்குப் பேர்போன கோர் நிறுவனம்தான் 1990களில் எலிக்சர் என்ற பெயரில் இதைப் பிரபலமாக்கியது. கம்பி மேல் மெல்லிய ஒரு படலம், இடுக்கில் அழுக்கு இறங்காது. இப்போது மற்றவர்களும் செய்கிறார்கள். விலை சாதாரண செட்டைப் போல இரண்டு மடங்கு, சில சமயம் அதற்கும் மேல். எனக்கு நாலு மடங்கு நாள் வருகிறது, கணக்கு சரியாகிவிடுகிறது. சில கம்பெனிகள் சுற்றுக் கம்பிக்கு மட்டும் பூச்சு போட்டு, முதல் இரண்டை அப்படியே விட்டுவிடுவார்கள். கடலோரத்தில் முதலில் துருவேறுவதே அந்த இரண்டுதான், அட்டையின் பின்பக்கத்தைப் படித்து வாங்குங்கள். கோட்டிங் கம்பி வழவழவென்று இருப்பதும், விரல் உரசும் கீச்சு சத்தம் குறைவதும் சிலருக்குப் பிடிக்காது. ஆவடி, அம்பத்தூர் பக்கம் இருந்து கையும் வியர்க்காது என்றால் சாதாரண செட்டே போதும், மாதாமாதம் சும்மா செலவு வேண்டாம்.

தேங்காய் எண்ணெய் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் யாராவது உங்களுக்கும் சொல்வார்கள். எங்கள் பக்கத்து வீட்டு மாமி வீணை வாசிப்பவர். விரல் வழுக்கிப் போக இடது கையில் துளி தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொள்வார். "நீயும் தொட்டுக்கோடா, தந்தியும் துருப்பிடிக்காது" என்றார். வீணையில் அதிகம் வாசிக்கும் முதல் இரண்டு தந்திகள் வெறும் எஃகு, துணியால் ஒரு இழுப்பில் எண்ணெய் போய்விடும். கிட்டாரில் நாலு கம்பி சுற்றுக் கம்பி. எண்ணெய் இடுக்கில் இறங்கி, தூசியைப் பிடித்து, ஒரே வாரத்தில் பலகையைத் தட்டுகிற மாதிரி ஆகிவிட்டது. மாமி மேல் தப்பில்லை. காய்ந்த பழைய பனியன் துணியே போதும். கம்பிக்கு மேலேயும், துணியை அடியில் நுழைத்து அடிப்பக்கமும், வாசித்து முடித்ததும் அரை நிமிஷம்.

மாட்டும்போது ஆறையும் ஒரேயடியாகக் கழற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றுங்கள், கை பழகும்வரை குழப்பம் வராது. பன்னிரண்டிலிருந்து பதினொன்றுக்கு இறங்கினால் நெக்கின் மேல் இழுவை குறைந்து அது லேசாகப் பின்னால் நிமிரும், கம்பி இரையலாம். ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அப்போதும் இரைந்தால் ட்ரஸ் ராடில் (நெக்கின் வளைவைச் சரிசெய்ய அதற்குள் இருக்கும் கம்பி) கால் திருகு வேண்டியிருக்கும், அதுவும் தெரிந்தவர் கையால்.

கடைசியாக, உங்களுடைய அந்த முதல் கம்பி எங்கே அறுந்தது என்று பார்த்தீர்களா? டியூனிங் கீயிலோ சாடில் மேலோ என்றால், புதுக் கம்பியும் அதே இடத்தில் அறுகிறதா என்று கவனியுங்கள். அறுந்தால் அங்கே ஏதோ கூராக இருக்கிறது, எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அறுக்கும். புதிதாகக் கற்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு: போனில் டியூனர் ஆப்பைப் பார்த்துத் திருகும்போது சரியான இடத்தைத் தாண்டியது தெரியாமல் மேலே மேலே ஏற்றிவிடுவது. முதல் கம்பி 330 ஹெர்ட்ஸ் பக்கம் நிற்க வேண்டும். ஆப் வெறும் "ஈ" என்று காட்டினால் நம்பாதீர்கள், ஹெர்ட்ஸ் காட்டும் ஆப்பை வைத்துக்கொள்ளுங்கள்.

செட் வாங்கும்போதே முதல் கம்பி மட்டும் உதிரியாக இரண்டு கேளுங்கள். மவுன்ட் ரோட்டில் 1842லிருந்து இருக்கும் மியூசி மியூசிகல் மாதிரிக் கடைகளில் விசாரித்துப் பாருங்கள். பதினொன்று செட்டுக்குப் பதினொன்றாகவே கேட்டு வாங்கி, ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு கிட்டார் பையின் முன் ஜிப்பில் போட்டு வையுங்கள். அறுவது எப்போதும் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான், கடை திறக்கும் முன்.