விளையாட்டையும் அரசியலையும் பிரித்துவைக்க முடியுமா? டெல்லியைப் பார்த்துவந்த ஒரு ரசிகரின் பதில்

டெல்லிக்குச் செல்லும் விளையாட்டு ரசிகர் எவற்றைப் பார்க்க வேண்டும், அவற்றைப் பார்த்துவந்தவர்களுக்கு ‘விளையாட்டில் அரசியலைக் கலக்காதீர்கள்’ என்ற பேச்சு இன்னமும் சரியாகப் படுகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு விடை சொல்லிக்கொண்டே போனால் இரண்டாவதற்கும் விடை கிடைத்துவிடும் என்பதால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். எனக்கு அந்தப் பேச்சு சரியாகப் படவில்லை. நம் நாட்டில் விளையாட்டுக்கு இடம் தருவதும், பணம் தருவதும், விருது தருவதும் அரசு. பல கூட்டமைப்புகளின் தலைமை நாற்காலியில் நெடுங்காலம் அமர்ந்திருந்தவர்கள் அரசியல்வாதிகள். அப்படியிருக்க, அரசியல் பேசாதே என்ற அறிவுரை மட்டும் எப்போதும் களத்தில் இறங்கி விளையாடுகிறவர்களுக்கே சொல்லப்படுகிறது.

தேசிய விளையாட்டரங்கத்திலிருந்து தொடங்குங்கள். குடியரசுத் தலைவர் மாளிகையிலிருந்து கர்த்தவ்ய பாதை வழியாக இந்தியா கேட் வரை வரும் நேர்கோட்டை அப்படியே கிழக்கே நீட்டினால், அது இந்த அரங்கத்தில் வந்து முட்டும். அதற்கும் பின்னால் இருப்பது புராணா கிலா என்னும் பழைய கோட்டை. அரங்கத்தின் முன்னால் நின்று மேற்கே திரும்பிப் பார்த்தால், ஓயாமல் சுற்றிச் செல்லும் வண்டிகளுக்கு அப்பால் இந்தியா கேட்டின் வளைவு தெரியும். காற்று தெளிவாக இருக்கும் நாளில் அதற்கும் அப்பால் மாளிகையின் குவிமாடமும் மங்கலாகத் தெரியும். ஆட்சியின் அச்சாக வகுக்கப்பட்ட கோட்டின் மறுமுனையில் ஒரு ஆடுகளம் இருக்கிறது என்பதை வரைபடத்தில் பார்ப்பது வேறு, அங்கே நின்று உணர்வது வேறு.

பவநகர் மகாராஜாவின் நன்கொடையில் 1933-இல் கட்டப்பட்டு, வைஸ்ராயாக இருந்த இர்வினின் பெயரைத் தாங்கியிருந்த அரங்கம் இது. 1947-இல் பிரிவினைக் கலவரத்தில் வீடிழந்தவர்கள் பல்லாயிரக்கணக்கில் புராணா கிலாவுக்குள் முகாமிட்டிருந்தார்கள். அதன் பிறகு நான்கு ஆண்டுகள்கூட நிறையவில்லை, 1951 மார்ச் மாதத்தில் அந்தக் கோட்டைக்குப் பக்கத்திலேயே முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டிகள் தொடங்கிவிட்டன. 11 நாடுகள் வந்தன. நீச்சலில் சச்சின் நாக் தங்கம் வென்றார். கால்பந்து இறுதியாட்டத்தில் மேவாலால் அடித்த ஒரே கோலில் ஈரானை வீழ்த்தி இந்தியா தங்கம் வென்றது. அகதிகளுக்கு வீடும் மக்களுக்கு உணவும் தேட வேண்டியிருந்த ஒரு புதிய நாடு, ஆசியாவின் மற்ற நாடுகளைத் தன் தலைநகருக்கு விளையாட அழைத்தது முழுக்க முழுக்க ஓர் அரசியல் முடிவு. நல்ல அரசியல் முடிவு என்றே நான் கருதுகிறேன். அரசியல் என்றாலே அழுக்கு என்று எண்ணுகிறவர்களிடம் முதலில் இதைத்தான் சொல்வேன்.

அரங்கங்களின் பெயர்களைக் கவனித்தாலே பாதிக் கதை புரிந்துவிடும். ஜவாஹர்லால் நேரு அரங்கம், இந்திரா காந்தி உள்ளரங்கம், சியாமா பிரசாத் முகர்ஜி நீச்சல் வளாகம் என வரிசையாகத் தலைவர்களின் பெயர்கள். கிரிக்கெட் ரசிகர்கள் தலைமுறை தலைமுறையாக ஃபெரோஸ் ஷா கோட்லா என்று அழைத்துவந்த அரங்கத்துக்கு 2019-இல் அருண் ஜேட்லியின் பெயர் சூட்டப்பட்டது. தேசிய விளையாட்டரங்கம் மட்டும் 2002-இல் ஹாக்கி வீரர் தயான் சந்தின் பெயரைப் பெற்றது. அவர் பெயரில் விளையாட்டரங்கம் இருப்பதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது.

ஜவாஹர்லால் நேரு அரங்கத்துக்கு மெட்ரோவின் ஊதா வழித்தடத்தில் அதே பெயரில் நிலையம் இருக்கிறது. 1982 ஆசியப் போட்டிகளுக்காகக் கட்டப்பட்ட இந்த அரங்கத்தில்தான் பதினெட்டு வயது பி.டி. உஷா 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் வெள்ளி வென்றார். 2010 காமன்வெல்த் போட்டிகளின்போது கிருஷ்ணா பூனியா, ஹர்வந்த் கௌர், சீமா அன்டில் ஆகிய மூவரும் வட்டெறிதலின் மூன்று பதக்கங்களையும் அள்ளியதும் இங்கேதான். மில்கா சிங் 1958-இல் வென்ற பிறகு காமன்வெல்த் தடகளத்தில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் கிருஷ்ணா பூனியாவினுடையது. ஆனால் 2010 என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது ஊழல் வழக்குகளும், தொடக்க விழாவுக்குச் சில நாட்களுக்கு முன் அரங்கத்தின் அருகே இடிந்து விழுந்த நடைமேம்பாலமும்தான். இந்தியா அப்போது 38 தங்கம் உட்பட 101 பதக்கங்கள் வென்றது. நிர்வாகிகளின் தவறுகள் அந்த உழைப்பை மூடி மறைத்துவிட்டன என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

தியாகராஜ் அரங்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 2022-இல் ஒரு மூத்த அரசு அதிகாரி தன் நாயுடன் நடைப்பயிற்சி செய்வதற்கு வசதியாக, பயிற்சியில் இருந்தவர்கள் மாலையில் வழக்கத்தைவிட முன்னதாகவே வெளியேற்றப்படுகிறார்கள் என்று ஒரு நாளிதழ் செய்தி வெளியிட்டது. அதிகாரி அதை மறுத்தார். அன்றே இடமாற்றம் செய்யப்பட்டார். டெல்லி அரசு தன் அரங்கங்களை இரவு 10 மணி வரை திறந்துவைக்க உத்தரவிட்டது. வெயில் கொளுத்தும் டெல்லிக் கோடையில் ஓட்டக்காரர்களுக்கு மாலை ஏழு மணிக்கு மேல்தான் உருப்படியாகப் பயிற்சி செய்ய முடியும். அந்த நேரத்தை யார் முடிவு செய்கிறார்கள் என்பதுதான் அவர்களுடைய அன்றாட அரசியல்.

இனி ஜந்தர் மந்தர். இரண்டாம் ஜெய்சிங் 18-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய வானியல் ஆய்வுக்கூடத்தைப் பார்க்க வருகிறவர்கள் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போகிறார்கள். அதன் மதிலை ஒட்டிய சாலைதான் நாட்டின் போராட்டக் களம். 2017-இல் அய்யாக்கண்ணு தலைமையில் தமிழ்நாட்டு விவசாயிகள் மண்டையோடுகளை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் அமர்ந்திருந்தது இங்கேதான் என்பதால், தமிழர்கள் பலருக்கும் அந்தச் சாலை தொலைக்காட்சி வழியாகப் பழக்கமானதே. நான் சென்ற நாளில் மஞ்சள் நிறத் தடுப்புகளுக்கு நடுவே ஒப்பந்த ஊழியர்கள் சிலர் தார்ப்பாய் விரித்து அமர்ந்திருந்தார்கள். ஒலிபெருக்கியில் ஒருவர் தொண்டை கட்டிய குரலில் கோரிக்கைகளைப் படித்துக்கொண்டிருந்தார். அவர்களைவிட அங்கே நின்ற காவலர்களின் எண்ணிக்கை அதிகம். சாலை இவ்வளவு சிறியதா என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. உலகச் செய்தியான ஒரு போராட்டம் இந்தக் குறுகிய இடத்தில் நடந்திருக்கிறது.

2023 ஜனவரியில் மல்யுத்த வீரர்களான வினேஷ் போகாட், சாக்‌ஷி மாலிக், பஜ்ரங் புனியா ஆகியோர் இங்கே வந்து அமர்ந்தார்கள். மல்யுத்தக் கூட்டமைப்பின் அப்போதைய தலைவரும் நாடாளுமன்ற உறுப்பினருமான பிரிஜ் பூஷண் சரண் சிங் வீராங்கனைகளிடம் பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டார் என்பது அவர்களது குற்றச்சாட்டு; அவர் அதைத் தொடர்ந்து மறுத்துவருகிறார். விசாரணைக் குழு அமைக்கப்பட்டதும் எழுந்து சென்றவர்கள், எதுவும் நகரவில்லை என்று ஏப்ரலில் திரும்ப வந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்ற பிறகுதான் முதல் தகவல் அறிக்கை பதிவானது. அதன் பிறகு, சிறுமி ஒருவர் தொடர்பான வழக்கு 2025-இல் முடித்துவைக்கப்பட்டது. மற்ற பெண்கள் கொடுத்த புகார்களில் 2024 மே மாதம் நீதிமன்றம் குற்றச்சாட்டுகளைப் பதிவு செய்தது. குற்றமா இல்லையா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். நான் இங்கே பேச வருவது வேறொன்று. ஒலிம்பிக் பதக்கம் பெற்றவர்களுக்கே ஒரு புகாரைப் பதிவு செய்ய நடுத்தெருவில் உட்கார வேண்டியிருந்தது என்றால், மாவட்ட அளவில் விளையாடும் ஒரு பெண் தன் புகாரை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பாள்?

அந்த ஆண்டு மே 28 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடம் திறக்கப்பட்டது. அன்று அதை நோக்கி நடக்க முயன்ற மல்யுத்த வீரர்களைக் காவல்துறையினர் தடுத்து, இழுத்து, பேருந்துகளில் ஏற்றினார்கள். ஜந்தர் மந்தரிலிருந்து நாடாளுமன்றம் வரை நானும் நடந்து பார்த்தேன். மரநிழல் விழும் சாலையில், அவசரப்படாமல் நடந்தாலும் எளிதில் சென்றடையக்கூடிய தூரம்தான் அது.

இதற்கெல்லாம் சற்று முன்பு, ஏப்ரல் மாதத்தில், இந்திய ஒலிம்பிக் சங்கத் தலைவராக இருந்த பி.டி. உஷா, வீரர்கள் தெருவில் இறங்கிப் போராடுவது ஒழுங்கீனம் என்றும் நாட்டின் பெயரைக் கெடுக்கிறது என்றும் கருத்துத் தெரிவித்தார். சில நாட்களில் ஜந்தர் மந்தருக்கு நேரில் வந்து அவர்களைச் சந்தித்தார் என்பதையும் சொல்ல வேண்டும். 1982-இல் அவர் ஓடியதைப் பற்றிக் கேட்டு வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். அந்தச் சொற்கள் என்னை மிகவும் புண்படுத்தின. நீரஜ் சோப்ரா வெளிப்படையாக ஆதரவு தெரிவித்தார். 1983 உலகக் கோப்பையை வென்ற கிரிக்கெட் அணியினர் ஜூன் மாதம் கவலை தெரிவித்து அறிக்கை விட்டார்கள். அவர்களில் ஒருவரும் அப்போதைய கிரிக்கெட் வாரியத் தலைவருமான ரோஜர் பின்னி மட்டும் தான் அதில் சேரவில்லை என்று விலகிக்கொண்டார். அப்போது ஆடிக்கொண்டிருந்த முன்னணி கிரிக்கெட் வீரர்களிடமிருந்து பெரும்பாலும் மௌனமே கிடைத்தது. தொழில்முறை விளையாட்டில் ஒப்பந்தம், விளம்பரம், வாரியம் என்று ஆயிரம் கட்டுகள் இருப்பது எனக்குத் தெரியும். இழப்பதற்கு மிக அதிகமாக உள்ளவர்கள் பேசத் தயங்குவது இயல்பே. என்றாலும், வேலையையும் பயிற்சிக் காலத்தையும் இழக்கக்கூடிய நிலையில் இருந்த மல்யுத்த வீரர்கள் பேசினார்கள் என்பதை மறக்க முடியவில்லை.

டிசம்பரில் பிரிஜ் பூஷணுக்கு நெருக்கமானவரான சஞ்சய் சிங் புதிய தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதும், ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற சாக்‌ஷி தன் காலணிகளை மேசைமீது வைத்துவிட்டு மல்யுத்தத்திலிருந்து விலகினார். பஜ்ரங் தன் பத்மஸ்ரீ பதக்கத்தைக் கர்த்தவ்ய பாதையின் நடைபாதையில் வைத்துவிட்டுப் போனார். வினேஷ் தன் கேல் ரத்னா, அர்ஜுனா விருதுகளை அதே பாதையில் விட்டுச் சென்றார். விருது வழங்கும் மாளிகையும், அந்த விருதுகள் கிடந்த நடைபாதையும், தயான் சந்த் அரங்கமும் ஒரே கோட்டில் இருப்பதைப் பார்த்த பிறகு, விளையாட்டு ஒரு பக்கம் அரசியல் ஒரு பக்கம் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

வினேஷ் 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஜப்பானின் யுய் சுசாகியை வீழ்த்தி இறுதிச்சுற்று வரை சென்று, 100 கிராம் எடை கூடியதால் தகுதியிழந்தார். பிறகு காங்கிரஸில் சேர்ந்து ஹரியானாவின் ஜுலானா தொகுதியில் சட்டமன்ற உறுப்பினரானார். ‘பார்த்தீர்களா, எல்லாமே அரசியலுக்காகத்தான்’ என்று சிலர் எழுதினார்கள். பின்னர் தேர்தலில் நின்றார் என்பதற்காக முன்னர் கொடுத்த புகார் பொய்யாகிவிடாது. யாருக்கு எதிராகப் புகார் வந்ததோ அவரும் தேர்தலில் வென்றவர்தானே?

அரசு முழுமையாக விலகிக்கொண்டால் தீர்ந்துவிடுமா என்றும் நீங்கள் கேட்கலாம். கூட்டமைப்பை அதன் போக்கில் விட்டாலும், வெளியிலிருந்து தலையிட்டாலும், அடி விழுவது வீரர்கள்மீதுதான். இந்திய ஒலிம்பிக் சங்கம் இடைநீக்கத்தில் இருந்ததால் 2014 சோச்சி குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவில் நம் வீரர்கள் தேசியக் கொடி இல்லாமல் அணிவகுத்தார்கள். 2022 ஆகஸ்டில் ஃபிஃபா இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பைச் சில நாட்கள் இடைநீக்கம் செய்தது. உரிய காலத்தில் தேர்தல் நடத்தாததால் மல்யுத்தக் கூட்டமைப்பு இடைநீக்கம் ஆனபோது, அந்திம் பங்கால் 2023 உலகப் போட்டியில் வென்ற வெண்கலம் இந்தியக் கொடியின் கீழ் வந்ததல்ல.

2025 ஆகஸ்டில் தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம் நிறைவேறியது. கூட்டமைப்புகளை மேற்பார்வையிட ஒரு வாரியம், வழக்குகளைக் கேட்க ஒரு தீர்ப்பாயம், நிர்வாகக் குழுவில் குறைந்தது நான்கு பெண்கள், சாதனை படைத்த வீரர்கள் குறைந்தது இருவர், வீரர்களுக்கென்று தனிக் குழு என்பவை அதில் உள்ளன. இவற்றை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் வாரியத்தை அமைப்பது மத்திய அரசு என்பதால் ஆளுங்கட்சியின் நிழல் அதன்மீது விழாமல் இருக்க வழி செய்யப்பட வேண்டும். அரசு நிதி பெறும் அமைப்புகளுக்கு மட்டுமே தகவல் அறியும் உரிமை பொருந்தும் என்று வரையறுத்து, கிரிக்கெட் வாரியத்தைக் கேள்விகளுக்கு வெளியே நிறுத்தியதையும் என்னால் ஏற்க முடியவில்லை. நாட்டின் பெயரில் அணியை அனுப்பும் அமைப்பு நாட்டு மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது.

நீங்கள் செல்வதாக இருந்தால் பிப்ரவரி அல்லது மார்ச் மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். நவம்பர், டிசம்பரில் புகைமூட்டம் தாங்க முடியாது. 2017 டிசம்பரில் கோட்லாவில் டெஸ்ட் ஆடிய இலங்கை வீரர்கள் முகமூடி அணிந்து ஃபீல்டிங் செய்தார்கள், 2023 உலகக் கோப்பையில் வங்கதேசமும் இலங்கையும் பயிற்சியை ரத்து செய்தன. 1999-இல் அனில் கும்ப்ளே ஒரே இன்னிங்ஸில் பாகிஸ்தானின் பத்து விக்கெட்டுகளையும் வீழ்த்திய அந்த மைதானத்துக்கு டெல்லி கேட் மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடக்கலாம். ஒட்டியிருக்கும் கோட்டை இடிபாடுகளையும் தவறவிடாதீர்கள். வியாழக்கிழமைகளில் மக்கள் அங்கே வந்து, கேட்பாரற்ற தங்கள் குறைகளை அரசு அலுவலக மனு போலவே பெயர், முகவரியுடன் எழுதி, நகல் எடுத்து, ஜின் என்னும் ஆவிகளுக்கென்று சுவர்களில் ஒட்டி விளக்கேற்றுகிறார்கள். ஜந்தர் மந்தரை அதற்கு அடுத்த நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வுக்கூடத்தைப் பார்த்து முடித்ததும் போராட்டச் சாலைக்கும் போய், அன்று யார் அமர்ந்திருக்கிறார்களோ அவர்களிடம் என்ன கோரிக்கை என்று கேளுங்கள். இந்தி சரளமாக வராவிட்டாலும் பரவாயில்லை, அச்சடித்த துண்டறிக்கை ஒன்றைக் கையில் கொடுத்து அவர்களே விளக்குவார்கள்.