சென்னை வாடகை வீட்டின் சின்ன ஹாலை ஒளி, ஒலி, மணம் வைத்து இதமாக மாற்ற முடியுமா?

தாராளமாக முடியும். சுவரில் ஆணி அடிக்கக்கூட ஓனரைக் கேட்க வேண்டிய வீட்டிலும் முடியும். வேலை முடிந்து வந்து உட்கார்ந்தால் ஹால் ஆஸ்பத்திரி வராண்டா மாதிரி இருக்கிறது, ரோட்டுச் சத்தம் ஓயவே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் நீங்கள் சரிசெய்ய வேண்டியது இரவு ஏழு மணிக்கு மேல் இருக்கும் ஹாலை மட்டும்தான். பகலை அப்படியே விட்டுவிடுங்கள், அதற்குச் செலவு வேண்டாம்.

வெளிச்சத்தில் தொடங்குங்கள். பெரும்பாலான வேலை அதிலேயே முடிந்துவிடும். நம் வீடுகளில் எரியும் டியூப்லைட் பெரும்பாலும் 6500 கெல்வின், அதாவது நீலம் தூக்கலான பகல் வெள்ளை. நம் விழித்திரையில், இது பகலா இரவா என்று மூளைக்குத் தெரிவிக்கிற தனி வகை செல்கள் இருக்கின்றன. 480 நானோமீட்டர் பக்கத்து நீல ஒளி பட்டால்தான் அவை அதிகம் விழித்துக்கொள்ளும். ராத்திரி ஒன்பது மணிக்கும் அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தால் உடம்பு எப்படி ஓயும்? கடையில் ‘வார்ம் ஒயிட்’ கேளுங்கள், பெட்டியில் 2700 அல்லது 3000 கெல்வின் என்று போட்டிருக்கும். சிஆர்ஐ, அதாவது நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டும் என்பதற்கான எண், 90க்கு மேல் கிடைத்தால் இன்னும் நல்லது. முகமும் சாப்பாடும் வெளுத்துத் தெரியாது.

பல்பை மாற்றுவதைவிட அது இருக்கும் இடத்தை மாற்றுவது முக்கியம். கூரையில் வேண்டாம். உட்கார்ந்திருப்பவரின் கண் உயரத்தில், சுவரைப் பார்த்த மாதிரி, இரண்டு மூலையில் இரண்டு சின்ன விளக்கு வையுங்கள். வெளிச்சம் சுவரில் பட்டுத் திரும்பி வர வேண்டும், பல்பு நேராகக் கண்ணில் படக்கூடாது. இதில் நம்மூருக்கென்றே ஒரு காரணமும் இருக்கிறது. சென்னையில் ஃபேன் ஓடாத நாளே கிடையாது. ஃபேனுக்கு மேலே விளக்கு இருந்தால் இறக்கையின் நிழல் அறை முழுக்க வெட்டி வெட்டி ஓடும். அது எவ்வளவு களைப்புத் தருகிறது என்பது அந்த விளக்கை அணைத்த பிறகுதான் தெரியும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க நினைத்தால் ‘டிம்மபிள்’ என்று எழுதியிருக்கிற எல்இடி வாங்குங்கள். சாதாரண எல்இடியை டிம்மரில் போட்டால் மினுக்கும்.

அடுத்தது சத்தம். குடியிருப்புப் பகுதிக்கு நம் சட்டம் வைத்திருக்கும் வரம்பு பகலில் 55 டெசிபல், இரவு பத்துக்கு மேல் 45. மெயின் ரோட்டை ஒட்டிய வீட்டில் இதை எதிர்பார்க்க முடியாது. ஆனால் காற்று நுழைகிற இடுக்கு வழியாகத்தான் சத்தமும் அதிகம் நுழைகிறது. அலுமினிய ஸ்லைடிங் ஜன்னலின் இடுக்குகளை ஒட்டும் பிரஷ் பட்டை வைத்து அடைத்துவிடுங்கள், ஹாரன் சத்தத்தின் கூர்மை போய்விடும். லாரியின் உறுமல் போகாது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம், அறைக்குள்ளேயே உண்டாகும் எதிரொலி. டைல்ஸ் தரை, வெறும் சுவர், கண்ணாடி ஜன்னல் என்றிருந்தால் ஸ்பூன் விழுந்தாலும் காது கூசும். தரையில் ஒரு கனமான பவானி ஜமக்காளம், ஜன்னலில் மடிப்பு மடிப்பாக விழும் காட்டன் திரை, ஒரு திறந்த புத்தக அலமாரி, இவை போதும். பேச்சே மெதுவாகிவிடும். அறை எதிரொலித்தால் மனிதர்கள் தங்களை அறியாமல் குரலை உயர்த்துகிறார்கள், டிவியையும் கூட்டுகிறார்கள். ஃபேன் ‘ங்ங்’ என்று முனகினால் ரெகுலேட்டரைப் பாருங்கள். சுற்றித் திருகும் பழைய எலெக்ட்ரானிக் வகையை எடுத்துவிட்டு, படிப்படியாக வேகம் மாறும் கெப்பாசிட்டர் வகை போட்டால் பெரும்பாலும் நின்றுவிடும். பாட்டு வேண்டுமென்றால் பேச்சுக்கு அடியில் கேட்கும் அளவில் வையுங்கள். எனக்குச் சொல் இல்லாத வீணையோ தம்புரா சுருதியோ போதும், பாடல் வரி வந்தால் மனம் அதன் பின்னால் போய்விடுகிறது.

மணத்துக்கு என் தேர்வு வெட்டிவேர். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். அதன் எண்ணெய் மெதுவாகவே ஆவியாகும், அதனால் ஒரு கட்டு பல நாள் வரும். மாலையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, காற்று வரும் ஜன்னல் ஓரம் தொங்கவிடுங்கள். சென்னைக் காற்றிலேயே ஈரம் அதிகம் என்பதால் வெட்டிவேர்த் தட்டி உள்மாவட்டங்களில் தரும் குளிர்ச்சியை இங்கே தராது. வாசனைக்குக் குறைவில்லை. மல்லிகைக் காலத்தில் ஒரு முழம் மல்லியைக் கிண்ணத்தில் வைத்தால் வேறொன்றும் வேண்டாம். மொட்டு விரிவதே மாலையில்தான். ஆனால் இரண்டையும் ஒரே நாளில் கலக்காதீர்கள்.

ஊதுபத்தியும் சாம்பிராணியும் எனக்குப் பிடிக்கும், ஆனால் ஏசி போட்டு மூடிய அறையில் ஏற்ற மாட்டேன். அது நுண்துகள் நிறைந்த புகை. வீசிங் இருப்பவர் வீட்டில் இருந்தால் அறவே வேண்டாம். மழைக்காலத்தில் அலமாரியில் பூஞ்சை வாடை அடித்தால், அதை வாசனை போட்டு மறைக்காமல் துணிகளை எடுத்து வெயிலில் போட்டுவிட்டு, அலமாரியையும் துடைத்துக் காய வையுங்கள்.

வாசனை எண்ணெயைச் சொட்டுவிட்டு அறையில் பரப்பும் டிஃப்யூசர் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வாங்கலாம், அரை மணி நேரம் ஓடவிட்டு அணைத்துவிடுங்கள். ஒரே வாசனை தொடர்ந்து வந்தால் சில நிமிடத்தில் மூக்கு அதைக் கவனிப்பதை நிறுத்திவிடும். வாசனை போய்விட்டது என்று நினைத்து நீங்கள் சொட்டுகளைக் கூட்டிக்கொண்டே போவீர்கள், வெளியிலிருந்து வருகிறவருக்குத் தலை வலிக்கும்.