மாத்திரையை நிறுத்தாதீர்கள், அம்மா

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. சிக்கிள் செல் நோய். தினமும் ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை சாப்பிடுகிறான். மரபணுவை வெட்டும் 'கிரிஸ்பர்' சிகிச்சையில் அடியோடு குணமாகிவிடும் என்கிறார்களே? மாத்திரையை விட்டுவிட்டு அதற்கு முயலலாமா?
– கூடலூர் வாசகி

பதில்: மாத்திரையை ஒருநாள்கூட விட வேண்டாம், அம்மா. மற்றதெல்லாம் பிறகு.

நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். 'காஸ்கெவி' என்ற அந்தச் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் ஒப்புதல் தந்தன, 12 வயது முதல். சிக்கிள் செல் நோயில் ஒரு ஜீன் பழுதாகி, சிவப்பணுக்கள் அரிவாள்போல வளைந்துவிடுகின்றன. அந்தப் பழுதான ஜீனையே இந்தச் சிகிச்சை சரிசெய்வதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. வயிற்றில் இருக்கும் குழந்தையின் ரத்தத்தில் வேறு வகை ஹீமோகுளோபின் இருக்கும். அது சிவப்பணுவை அரிவாளாக வளைக்காது. பிறந்த சில மாதங்களில் பிசிஎல்11ஏ என்ற ஜீன் அதை அடக்கிவிடும். கிரிஸ்பர் அந்த ஜீனின் பிடியை ரத்த அணுக்களில் தளர்த்துகிறது, பழைய ஹீமோகுளோபின் மறுபடி சுரக்கிறது. உங்கள் மகனின் மாத்திரையும் அதே ஹீமோகுளோபினைத்தான் கூட்டுகிறது, அளவு குறைவு என்றாலும்.

ஆய்வில் போதிய காலம் கவனிக்கப்பட்ட 31 பேரில் 29 பேருக்கு, தொடர்ந்து 12 மாதமாவது கடும் வலி வரவில்லை. வலியில் சுருண்டு கிடக்கும் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

ஆனால் சிகிச்சை சாதாரணமானதல்ல. ரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல்களை எடுத்து வெளியே திருத்துவார்கள். புசல்ஃபான் என்ற கீமோ மருந்தால் எலும்பு மஜ்ஜையைக் காலி செய்த பிறகே அவற்றைத் திரும்ப ஏற்றுவார்கள். வாரக்கணக்கில் ஆஸ்பத்திரிவாசம். பின்னாளில் குழந்தைப்பேறு பாதிக்கப்படலாம். தவறான இடத்திலும் வெட்டு விழுமோ என்ற விவாதம் ஓயவில்லை. அதனால்தான் சிகிச்சை பெற்றவர்களை 15 ஆண்டுகள் கண்காணிக்கிறார்கள். திருத்தம் ரத்தத்தோடு நின்றுவிடும், அவன் பிள்ளைகளுக்குப் போகாது. அமெரிக்காவில் விலை 22 லட்சம் டாலர்.

நீலகிரிப் பழங்குடிகளிடம் இந்த நோயின் கூறு (பழுதான ஜீன் ஒரு பிரதி மட்டும் இருப்பது) உள்ளது என்பது 1952-லேயே மருத்துவ இதழில் பதிவாகிவிட்டது. இந்த நோயை ஒழிக்கும் தேசிய இயக்கம் தொடங்கியதோ 2023 ஜூலையில். இந்தத் தாமதம் எனக்கு இன்றும் வலிக்கிறது. டெல்லியின் ஐஜிஐபி என்ற மரபணு ஆய்வகம் நம்மவர்களுக்குக் கட்டுப்படியாகும் கிரிஸ்பர் முறைக்கு உழைத்துவருகிறது. அது வரட்டும்.

அதுவரை கேட்க வேண்டியது வேறொன்று இருக்கிறது. அவனுக்கு உடன்பிறந்தவர்கள் உண்டா? ஒவ்வொருவருக்கும் எச்எல்ஏ (செல்களின் மேல் இருக்கும் திசு அடையாளம்) அவனோடு முழுமையாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு. பொருந்தினால் எலும்பு மஜ்ஜை மாற்று நம் நாட்டிலேயே நடக்கிறது. அதற்கும் கீமோ உண்டு, ஆபத்தும் உண்டு. நோயில்லாமல் கூறு மட்டும் உள்ள தம்பி தங்கையும் தானம் தரலாம். அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போது, எச்எல்ஏ பரிசோதனையைப் பற்றி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.