டெர்மினலில் சிவப்பும் பச்சையும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கோப்புகளைச் சரிபார்க்கும் சிறிய கட்டளைவரி நிரல் ஒன்று எழுதியிருக்கிறேன். பிழையான கோப்பின் பெயர் சிவப்பில் வரும், சரியானது பச்சையில். திரையில் அழகாக இருக்கிறது. வெளியீட்டை ஒரு கோப்புக்குத் திருப்பினால் அடைப்புக்குறி, 31, எம் என்று குப்பை விழுகிறது. நண்பன் நிறத்தையே தூக்கிவிடு என்கிறான். நிறம் பூச எந்த லைப்ரரியை (ஆயத்த நிரல் தொகுப்பை) பயன்படுத்தலாம்?

க.

அன்புள்ள க.,

எந்த லைப்ரரியானாலும் சரி, அது ஒரு கேள்வியே இல்லை. கோப்பில் விழுவது குப்பையும் இல்லை, டெர்மினலுக்கு, அதாவது கட்டளை தட்டும் அந்தத் திரைக்கு, இடும் உத்தரவு. 31 சிவப்பு, 32 பச்சை, 0 பழையபடி. கோப்புக்கு உத்தரவு புரியாது, வந்ததை அப்படியே வாங்கி வைத்துக்கொள்ளும். வெளியீடு டெர்மினலுக்குத்தான் போகிறதா என்று, அதைச் சொல்வதற்கென்றே இருக்கும் இஸ்ஏடிடிஒய் (isatty) என்ற செயற்கூறிடம் கேட்டுவிட்டு நிறம் பூசுங்கள். எல்எஸ் (ls), கிரெப் (grep) போன்ற கட்டளைகள் எல்லாம் நிறத்தை 'ஆட்டோ'வில் வைத்தால் செய்வது அதைத்தான். நோ_கலர் (NO_COLOR) என்ற சூழல் மாறியை, அதாவது எல்லா நிரல்களும் படிக்கக்கூடிய ஓர் அமைப்பை, வைத்திருப்பவருக்கு நிறமே வேண்டாம். 2017-லிருந்து உள்ள வழக்கம் அது. நண்பர் சொல்வதை விடுங்கள்.

ஆனால் நிறம் போனபின் உங்கள் கோப்பில் என்ன மிஞ்சும்? வெறும் பெயர்கள். எது பிழை, எது சரி? யோசித்தீர்களா?

என்னோடு முன்பு வேலை பார்த்த ஒருவர், படு கெட்டிக்காரர், டெஸ்ட் ஓடி முடிந்ததும் பக்கத்து நாற்காலியைப் பார்த்து "பாஸா, பெயிலா?" என்று கேட்பார். திரையில் வரிசையாகப் புள்ளிகள்; எங்களுக்குச் சிவப்பு, பச்சை, அவருக்கு எல்லாமே ஒரே மங்கல் பழுப்பு. தன் வேலையின் முடிவைத் தெரிந்துகொள்ள ஒரு மனிதர் தினமும் இன்னொருவரைக் கேட்க வேண்டியிருந்தது, அந்த டூலை எழுதியவர் புள்ளிக்குப் பதில் ஓர் எழுத்தைப் போட மெனக்கெடாததால். வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேருக்கு சிவப்பு-பச்சை பிரித்தறிய முடியாத இந்த நிறக்குறை உண்டு; மற்றவர்களிடையே குறைவு, அவ்வளவுதான்.

அப்புறம், 31 எந்தச் சிவப்பு என்பது உங்கள் கையில் இல்லை, பயனருடைய டெர்மினல் அமைப்பின் கையில். கறுப்புப் பின்னணியில் 34-இன் நீலம் பல இடங்களில் படிக்கவே முடியாது, வெள்ளையில் 33-இன் மஞ்சள் காணாமல் போகும். 1978-இல் வந்த விடி100 என்ற டெர்மினல் கருவி இதே வகை உத்தரவுகளுக்குக் கட்டுப்பட்டது, நிறம்தான் கிடையாது. அதில் உட்கார்ந்தவர்கள் பிழையைக் கண்டுபிடிக்காமலா இருந்தார்கள்?

வரியின் தொடக்கத்தில் 'பிழை' என்று எழுதுங்கள், பிறகு ஆசைதீரச் சிவப்பு பூசுங்கள், யார் வேண்டாம் என்றது. முடிவில் 0 போட மறக்காதீர்கள், இல்லையென்றால் நிரல் முடிந்தும், அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும் ப்ராம்ப்ட் வரி சிவப்பாகவே நிற்கும்.