டோலிப்ரானும் டோலோவும் ஒன்றா?

கேள்வி: பிரான்சிலிருந்து வந்த சித்தப்பா ஒரு பெட்டி டோலிப்ரான் 1000 கொடுத்துவிட்டுப் போனார். வீட்டில் டோலோ 650-யும் இருக்கிறது. காய்ச்சல் விடாவிட்டால் இரண்டையும் சேர்த்துப் போடலாமா? ஒரு வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி.

பதில்: வேண்டாம்மா, சேர்த்துப் போடாதீர்கள். இரண்டும் ஒரே மருந்து.

டோலோ அட்டையைத் திருப்பிப் பாருங்கள், 'பாராசிட்டமால் டேப்லெட்ஸ் ஐ.பி.' என்று இருக்கும். டோலிப்ரான் பெட்டியிலும் அதே பெயர்தான், பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில். டோலோ, கால்பால், டோலிப்ரான் எல்லாம் கம்பெனி வைத்த பெயர்கள். மருந்தின் சொந்தப் பெயர் பாராசிட்டமால். அமெரிக்காவில் அதையே அசிட்டமினோஃபென் என்பார்கள். அங்கிருந்து டைலினால் என்ற கம்பெனிப் பெயரில் வந்தாலும் ஏமாந்துவிடாதீர்கள்.

ஒன்றுக்கு எப்படி இரண்டு பெயர்? ஆறு புள்ளி வைத்து அறுகோணமாக ஒரு கோலம் போடுங்கள். அதுதான் பென்சீன் வளையம், புள்ளிக்கு ஒரு கார்பன். ஒரு புள்ளியில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து தொங்கினால் அது ஃபீனால். அதற்குப் பக்கத்துப் புள்ளி ஆர்த்தோ, ஒன்று தள்ளி மெட்டா, நேர் எதிரே இருப்பது பாரா. நம் மருந்தில் அந்த எதிர்ப்புள்ளியில் நைட்ரஜனைக் கொண்ட அமினோவும், அதன்மேல் அசிட்டைல் என்ற அணுக்கூட்டமும் உட்கார்ந்திருக்கின்றன. அசிட்டைலுக்கு வேர் அசிட்டம், லத்தீனில் வினிகர்.

ஆக முழுப்பெயர் பாரா-அசிட்டைல்-அமினோ-ஃபீனால். அதில் தலையையும் வாலையும் விடாமல் அங்கங்கே கிள்ளி எடுத்தால் பாராசிட்டமால். பாராவை விட்டுவிட்டு மற்றதைச் சுருக்கினால் அசிட்டமினோஃபென். எனக்கு வேதியியலில் மிகவும் பிடித்த பெயர் இதுதான். மருந்தின் உருவமே அதற்குள் இருக்கிறது.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். 1000-மும் 650-யும் சேர்ந்தால் 1650 மில்லிகிராம். பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 1000 மில்லிகிராமே உச்சம். ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 4000-ஐத் தாண்டவே கூடாது. தாண்டினால் கல்லீரல் கெடும். முதல் நாள் பெரிதாக ஒன்றும் தெரியாது, இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் காட்டும், அதனால்தான் இவ்வளவு பயப்படுகிறேன். எடை குறைந்தவர்கள், கல்லீரல் நோயாளிகள், தினமும் குடிப்பவர்கள் ஆகியோருக்கு அந்த 4000-மே அதிகம். டாக்டர் சொல்லும் அளவுதான். அப்புறம், பல சளி மாத்திரைகளிலும் பாராசிட்டமால் உண்டு, அதையும் கணக்கில் சேருங்கள்.

இரண்டில் ஒன்றை மட்டும் வெளியே வையுங்கள். டோலிப்ரான் 1000 என்றால் அடுத்த மாத்திரைக்கு ஆறு மணி நேரமாவது போகட்டும். மூன்றாம் நாளும் காய்ச்சல் விடவில்லையா, மாத்திரையைக் கூட்டாமல் டாக்டரைப் பார்த்து ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். டெங்குவா இல்லையா என்று தெரியும்வரை ஆஸ்பிரின், இபுபுரோஃபென் பக்கம் போகவே வேண்டாம்.