பிரித்து வைத்த பள்ளிகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

லிட்டில் ராக் மாணவர்களைப் பற்றிய காணொளியைப் பார்த்த என் மகள், "நான் படித்த தமிழ்ப்பள்ளியும் இப்படிப் பிரித்து வைத்ததுதானே?" என்கிறாள். என்ன சொல்வது?
– வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

1957 செப்டம்பரில் அமெரிக்காவின் லிட்டில் ராக் நகரில், வெள்ளையர் மட்டும் படித்த பள்ளிக்குள் ஒன்பது கறுப்பின மாணவர்களை விடக்கூடாதென்று ஆர்கன்சா மாநில ஆளுநர் தேசியக் காவற்படையை நிறுத்தினார். அதிபர் ஐசனோவர் ராணுவத்தை அனுப்பிய பிறகே அவர்களால் உள்ளே போய்ப் படிக்க முடிந்தது. உங்கள் மகளை மலாய்வழித் தேசியப் பள்ளியில் சேர்க்க இங்கே மலேசியாவில் யாரும் தடை போடவில்லை. நீங்களே விரும்பித் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பினீர்கள். பெரிய வேறுபாடு இதுதான்.

ஆனாலும் அவளை அதட்டி அடக்கிவிடாதீர்கள் அம்மா. பன்னிரண்டு வயதுவரை மலாய், சீனப் பிள்ளைகளோடு பழகாமல் வளர்வது உண்மையான குறைதான். அதைப் பேசித் தீர்க்கலாம். தமிழ்ப்பள்ளியை மூடித் தீர்க்க வேண்டியதில்லை.

கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிகள் மோசமாக இருந்ததால்தான், பள்ளிகளில் இனப் பிரிவினை கூடாது என்ற அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1954 தீர்ப்பு வந்ததா?
– ஆசிரியர், செந்தூல்

பல ஊர்களில் மோசமாகத்தான் இருந்தன. ஆனால் வழக்குக்குப் பெயர் கொடுத்த பிரவுன் குடும்பம் வாழ்ந்த டொபீகா நகரில், இரு தரப்புப் பள்ளிகளுக்கும் கட்டடத்திலோ ஆசிரியர் தகுதியிலோ பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை. அதனால்தான் பிரித்து வைப்பதே சமத்துவத்துக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் நேரடியாகச் சொல்ல வேண்டி வந்தது. 'தனித்தனியாக இருந்தாலும் சமம்' என்ற 1896-ஆம் ஆண்டுக் கொள்கை பள்ளிகளைப் பொறுத்தவரை அன்றோடு விழுந்தது.

சேர்த்து விசாரிக்கப்பட்ட ஐந்து வழக்குகளில் ஒன்று வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் வட்டாரத்திலிருந்து வந்தது. அதை நம் மாணவர்களுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். 1951-இல் பார்பரா ஜான்ஸ் என்ற பதினாறு வயது கறுப்பின மாணவி, இடநெருக்கடியால் தார்க்காகிதம் போர்த்திய கொட்டகைகளில் வகுப்பு நடத்தியதை எதிர்த்து, தன் பள்ளியையே வேலைநிறுத்தத்தில் இறக்கினாள். வழக்கில் வென்றும் என்ன நடந்தது? சேர்ந்து படிக்க விடுவதைவிட மூடுவதே மேல் என்று, வட்டார நிர்வாகம் 1959-இல் எல்லா அரசுப் பள்ளிகளையும் மூடியது. வெள்ளையர் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி கிடைத்தது. கறுப்பினப் பிள்ளைகளில் பலர் 1964 வரை பள்ளியே இல்லாமல் கிடந்தார்கள். அந்த ஐந்து ஆண்டுகளை யாராலும் திருப்பித் தர முடியவில்லை.

நம் தோட்டப் பள்ளிகளும் வெள்ளைக்காரன் நம்மைப் பிரித்து வைத்த ஏற்பாடுதானே?
– வாசகர், பட்டர்வொர்த்

பெருமளவுக்கு ஆம். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது 1923 தொழிலாளர் சட்டம். பல தோட்டங்களில் கிராணியோ (எழுத்தர்) கங்காணியோதான் (மேற்பார்வையாளர்) வாத்தியார். பால்மரம் வெட்டுகிறவரின் பிள்ளை அந்த வேலைக்கே வந்து சேர இது போதும் என்பதே கணக்கு. பட்டணத்து ஆங்கிலப் பள்ளி எட்டாத தூரம்.

மலாயாவின் கல்வி பற்றிய 1951 பார்னஸ் அறிக்கை மலாயும் ஆங்கிலமும் மட்டும் பயிற்றுமொழியாக உள்ள பொதுப் பள்ளி வேண்டும் என்றது. 1956 ரசாக் அறிக்கை, பொதுவான பாடத்திட்டத்தோடு தாய்மொழித் தொடக்கப்பள்ளிகள் தொடர வழிவிட்டது. பிரித்து வைக்கக் கட்டிய கொட்டகையை நம் ஆசிரியர்களும் பெற்றோரும் போராடித் தமக்குரிய பள்ளியாக்கிக்கொண்டார்கள். தோற்றம் கசப்பானது என்பதற்காக அந்த உழைப்பைக் குறைத்துப் பேசுவது எனக்குப் பொறுக்காது.

இந்தியாவில் இப்படி நடந்ததே இல்லை என்கிறார் என் மாமா.
– கல்லூரி மாணவி, ஜார்ஜ்டவுன்

நடந்தது. திருவிதாங்கூரில், தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட புலையர் சாதிப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க மறுத்தார்கள். அதை எதிர்த்து, புலையர் தலைவர் அய்யன்காளியின் தலைமையில் வயல் தொழிலாளர்கள் வேலைக்குப் போகாமல் நின்றார்கள். பஞ்சமி என்ற சிறுமியை அவர் ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துப் போனபோது, ஆதிக்கச் சாதியினர் பள்ளியையே எரித்தார்கள். மாமாவிடம் பொறுமையாகச் சொல்லுங்கள், ஆனால் சொல்லாமல் விடாதீர்கள்.

அமெரிக்காவில் இப்போது எல்லாரும் சேர்ந்துதான் படிக்கிறார்களா?
– வாசகர், கெப்போங்

சட்டத்தில் தடை இல்லை. ஆனால் குடியிருப்பே பிரிந்து கிடப்பதால் பல நகரங்களில் பள்ளிகளும் பிரிந்தே இருக்கின்றன. கறுப்பினப் பிள்ளைகள் மிகுந்த டெட்ராய்ட் நகரப் பள்ளிகளை, வெள்ளையர் மிகுந்த புறநகர்ப் பள்ளிகளோடு இணைக்கும் திட்டத்தை 1974-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நிராகரித்தது. 1954 வழக்கில் வாதாடி வென்ற தர்குட் மார்ஷல் அப்போது அதே நீதிமன்றத்தில் நீதிபதி. இந்த 1974 தீர்ப்பை எதிர்த்து எழுதினார்.